வீட்டு நாயின் 12 ஆண்டுக் கணக்கு

ஒரு நாட்டு நாயைக் குட்டியாக வீட்டுக்குக் கொண்டுவந்து, அது கிழடாகிச் சாகும்வரை ஒழுங்காக வைத்துக்கொள்ள என்ன செலவாகும்? தருமபுரி மாவட்டத்துக் குடும்பம் ஒன்றை மனத்தில் வைத்து வரிவரியாக எழுதிப் பார்த்தால், 12 ஆண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சத்து 1,100 ரூபாய் வருகிறது. அதில் வெறிநோய்த் தடுப்பூசிக்குப் போவது 3,900 ரூபாய். நூற்றுக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. மற்ற எந்த வரியில் கை வைத்தாலும் நட்டம் பெரும்பாலும் நாய்க்குத்தான். இந்த ஒரு வரி விட்டுப்போனால் பக்கத்து வீட்டுக் குழந்தை அதற்கு விலை கொடுக்க நேரும். இந்தக் கணக்கை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

முதலில் அளவுகள். நாய் 15 கிலோ எடை. ஆயுள் 12 ஆண்டு, அதாவது 4,380 நாள். கேழ்வரகுக்கு ஒன்றிய அரசு 2025–26க்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலையான குவிண்டால் 4,886 ரூபாயை எடுத்துக்கொள்கிறேன். முட்டை 6 ரூபாய், கோழி ஈரலும் இரைப்பையும் கலந்து கிலோ 100 ரூபாய், எண்ணெய் கிலோ 150 ரூபாய் என்பதும், ஊசி மருந்து விலைகளும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலை கூடவோ குறையவோ இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். முடிவு பெரிதாக மாறாது. கூலி என்று வரும் இடங்களில் 2025–26இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த 100 நாள் வேலைக் கூலி, 336 ரூபாய்.

களியும் முட்டையும்

தருமபுரி கேழ்வரகு மண். 2023 மே மாதம் ரேஷனில் அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, நீலகிரியோடு சேர்த்து அரசு தேர்ந்தெடுத்த மாவட்டம் இது. களி கிண்டுகிற வீட்டில் நாய்க்கும் களிதான். வீட்டாருக்கு உருண்டை பிடித்தபின் சட்டியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி, தண்ணீர் விட்டுக் கரைத்து, மீந்த குழம்பைக் கலந்து திண்ணையோரத் தட்டில் ஊற்றுவார்கள். உருண்டையாகவே போடுகிற வீடுகளும் உண்டு. மேலே தொட்டால் ஆறியது போலிருக்கும். உள்ளே சூடு நெடுநேரம் நிற்கும். நாய் மெல்லாமல் விழுங்கும் பிராணி. அதனால் விரலால் பிட்டு, உள்ளே தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

15 கிலோ நாய் சும்மா படுத்துக் கிடந்தாலே உடம்பு இயங்க நாளுக்கு 533 கலோரி வேண்டும். எடையின் 0.75 அடுக்கை 70ஆல் பெருக்கிக் கால்நடை மருத்துவர்கள் போடும் கணக்கு இது. நடமாடும் வளர்ந்த நாய்க்கு இதை 1.6ஆல் பெருக்குவார்கள்: ஏறக்குறைய 850 கலோரி. புரதம், 1,000 கலோரிக்குக் குறைந்தது 45 கிராம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் சங்கத்தின் அளவுகோல். நம் நாய்க்கு அது 38 கிராம் ஆகிறது.

இனி வெறும் களியை மட்டும் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் கேழ்வரகில் 328 கலோரியும் 7.3 கிராம் புரதமும் உண்டு. 850 கலோரிக்கு 260 கிராம் மாவு போதும். வயிறு நிறைந்துவிடும். புரதமோ 19 கிராம்தான் சேரும், தேவையில் சரிபாதி. மூன்று வேளையும் தட்டு காலியாகிறது, ஆனாலும் நாய் விலா எலும்பு தெரியத் திரிகிறதே என்று கவலைப்படுகிறவர்கள், குடற்புழுவுக்கு அடுத்தபடியாக இந்தப் பாதிக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

சரியான தட்டு இப்படி வரும்: கேழ்வரகு 170 கிராம், முட்டை 2, ஈரலும் இரைப்பையும் 100 கிராம், எண்ணெய் ஒரு கரண்டி (5 கிராம்). கூட்டினால் 848 கலோரி, 41 கிராம் புரதம். செலவு: கேழ்வரகு 8.31, முட்டை 12, இறைச்சி 10, எண்ணெய் 0.75. ஆக நாளுக்கு 31 ரூபாய், ஆண்டுக்கு 11,315. ஆண்டு அளவாகப் பார்த்தால் 62 கிலோ கேழ்வரகு, 730 முட்டை, 36.5 கிலோ இறைச்சி. ரேஷனில் கிடைக்கும் 2 கிலோ கேழ்வரகு வீட்டாரின் பங்கு. அதை முழுக்க நாய்க்கே கொடுத்தாலும் மாதத்தில் 12 நாள்கூட ஓடாது.

ஒரு சேதியை அழுத்திச் சொல்ல வேண்டும். மீந்த குழம்பில் வெங்காயமும் பூண்டும் இருக்கும். இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வெந்த கோழி எலும்பு கூர்மையாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். எனவே நாய்க்கென்று எடுக்க வேண்டியதைத் தாளிப்பதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுவது நல்லது. இதற்குச் செலவு ஏதுமில்லை.

தண்ணீர் கிலோவுக்கு 60 மில்லி என்றால் நாளுக்கு 900 மில்லி, ஆண்டுக்கு 328 லிட்டர். கோடையில் இன்னும் கூடும். தருமபுரியில் தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது ஃபுளோரைடைச் சொல்லாமல் போக முடியாது. மக்களின் பல்லையும் எலும்பையும் கெடுத்த அந்த நீருக்கு மாற்றாகத்தான் 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. ஃபுளோரைடு கால்நடைகளின் பல்லையும் எலும்பையும் கூட விட்டுவைப்பதில்லை. நாய்த் தட்டுக்கு ஆழ்துளைக் கிணற்று நீர், நமக்கு ஒகேனக்கல் நீர் என்று பிரிக்காமல், நாம் குடிப்பதில் ஒரு செம்பு அதற்கும் ஊற்றலாம்.

அட்டையில் ஒட்டிய சீட்டு

அரசு கால்நடை மருந்தகங்களில் காலை வேளையில் கூட்டம் மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான். அவற்றுக்கு நடுவே சேலைத் தலைப்பில் சுற்றிய குட்டியோடு யாராவது நிற்பார்கள். உள்ளிருந்து வரும் முதல் கேள்வி, “அட்டை கொண்டாந்தீங்களாக்கா?” என்பதாக இருக்கும். “எந்த அட்டைங்க?” என்று பதில் வந்தால் குட்டிக்கு இதுவரை ஊசி போடவில்லை என்று பொருள். அந்த அட்டை மடித்த தடித்தாள், அவ்வளவுதான். ஊசி போட்டதும் மருந்துக் குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் சின்னச் சீட்டை உரித்து அட்டையில் ஒட்டி, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் போடுவார்கள். கடைசிக் கட்டத்தில் அடுத்த ஊசிக்கான தேதி இருக்கும். குடும்ப அட்டையையும் ஆதாரையும் வைக்கிற இடத்தில் இதையும் வைப்பது நல்லது.

6 முதல் 8 வாரத்தில் கூட்டுத் தடுப்பூசி தொடங்கும். டிஸ்டெம்பர், பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கானது. சில வார இடைவெளியில் மறுபடி போட வேண்டும். 3 மாதம் முடிந்ததும் வெறிநோய் ஊசி, பிறகு ஒரு ஊக்க ஊசி, அதன்பின் ஆண்டுதோறும். குடற்புழு மருந்து குட்டிப் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, ஆறு மாதத்துக்கு மேல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. உண்ணியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நாயின் காதோரம் பட்டாணி போல உப்பித் தொங்கும் ஒரு பெண் உண்ணி கீழே விழுந்து 4,000 முட்டை வரை இடும். சுவர் விரிசலும் திண்ணை இடுக்கும் அதற்கு வசதியான இடங்கள். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு அது படுக்கும் இடத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் மருந்துச் செலவு வீண்.

முழுக்கணக்கு இதோ.

முதல் ஆண்டு:
உணவு – 11,315
கூட்டுத் தடுப்பூசி 3 × 700 – 2,100
வெறிநோய் ஊசி 2 × 300 – 600
குடற்புழு மருந்து 8 முறை – 320
கருத்தடை அறுவை – 5,000
தட்டு, பட்டை, படுக்கை – 1,000
உண்ணி மருந்து – 1,500
நோய்ச் செலவுக்கு ஒதுக்கு – 2,000
மொத்தம் – ரூ. 23,835

அடுத்து வரும் ஒவ்வோர் ஆண்டும் உணவு 11,315, கூட்டு ஊசி 700, வெறிநோய் ஊசி 300, குடற்புழு மாத்திரை 300, உண்ணி 1,500, ஒதுக்கு 2,000; ஆக 16,115. பதினோரு ஆண்டுக்கு 1,77,265. இரண்டையும் கூட்டினால் 2,01,100.

மாதத்துக்குப் பிரித்தால் ஏறத்தாழ 1,400 ரூபாய், நாளுக்கு 46. கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு இது மாதத்தில் நான்கு நாள் கூலிக்குச் சற்று மேல். சின்னத் தொகை இல்லை. மூன்றில் இரண்டு பங்கு சோற்றுக்கே போகிறது. ஊசி விஷயத்தில் அரசு மருந்தகம் கை கொடுக்கும். வெறிநோய்த் தடுப்பூசி முகாம்களில் அதுவும் இலவசம். நாய் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் இந்த 1,400 ரூபாயை இரண்டு மாதம் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள் என்பதுதான். இடிக்கவில்லை என்றால் குட்டியைக் கொண்டுவாருங்கள்.

வரவுப் பக்கம்

தருமபுரியில் வீடுகள் எல்லாம் தெருவாக அடைந்து கிடப்பதில்லை. நிலத்தின் நடுவே இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்தால் அதற்கு ஒரு கொட்டாய் என்று பெயர் வந்துவிடும். இரவில் ஆட்டுப்பட்டியைச் சுற்றி என்ன நடமாடுகிறது என்று சொல்ல நாயைத் தவிர ஆளில்லை. காவலுக்கு ஓர் ஆளை 336 ரூபாய்க்கு வைத்தால் ஆண்டுக்கு 1,22,640 ரூபாய். நாயின் ஆண்டுச் சராசரி 16,758. ஏழில் ஒரு பங்கு.

இந்த உறவு நேற்று வந்ததல்ல. அண்டை மாவட்டமான திருவண்ணாமலையின் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும், அது கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய நிலம் இது. இன்று அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமியன்று சாம்பல் பூசணியில் விளக்கேற்றக் கூடும் கூட்டத்தைப் பார்த்தால், நாயை வாகனமாகக் கொண்ட சாமிக்கு இந்த ஊரில் குறைவில்லை என்று தெரியும். வாகனத்தை வணங்குகிறவர்கள் வாசலில் கிடக்கும் நாய்க்கு ஊசியும் போட்டுவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

காவலைத் தாண்டிய வரவுக்கும் எண்கள் உண்டு. 1980இல் எரிகா ஃபிரீட்மன் குழுவினர் அமெரிக்காவில் இதய நோய்க்குச் சிகிச்சை பெற்ற 92 பேரை ஓராண்டு கவனித்தார்கள். வீட்டில் பிராணி வளர்த்த 53 பேரில் 3 பேர் இறந்தார்கள். வளர்க்காத 39 பேரில் 11 பேர். சிறிய ஆய்வுதான். 2017இல் ஸ்வீடனில் 34 லட்சம் பேரின் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வில், தனியாக வாழ்வோரில் நாய் வளர்த்தவர்களுக்கு இறப்பு அபாயம் 33 விழுக்காடு குறைவாக இருந்தது. நாய்தான் ஆயுளைக் கூட்டியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நடக்கத் தெம்புள்ளவர்கள்தான் நாயும் வளர்க்கிறார்கள் என்றும் இருக்கலாம். அமெரிக்க இதய நலச் சங்கமும் 2013இல் இதே எச்சரிக்கையோடுதான், நாய் வளர்ப்பது இதய நோய் அபாயத்தைக் குறைக்க உதவக்கூடும் என்று சொன்னது.

ஸ்வீடன் ஆய்வில் வருகிற ‘தனியாக வாழ்வோர்’ என்ற பிரிவு நமக்கும் பொருந்தும். பென்னாகரம், அரூர் பக்கத்து ஊர்களில் பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கிறார்கள். நாய்க்குப் பசிக்கும் என்பதற்காகவே அடுப்புப் பற்ற வைக்கிற பாட்டிகள் உண்டு. நாய்க்குக் கிண்டும் களியில் அவர்களும் ஒரு வாய் சாப்பிடுகிறார்கள். இதற்கு ரூபாயில் மதிப்புப் போட எனக்குத் தெரியவில்லை. வரவுப் பக்கத்தில் முதல் வரியாக எழுத வேண்டியது இதுதான் என்று மட்டும் நம்புகிறேன்.

கடி

தமிழ்நாட்டில் 2023இல் பதிவான நாய்க்கடி 4.41 லட்சம், வெறிநோய்ச் சாவு 18. 2024இல் கடி 4.8 லட்சம், சாவு 43. கடி 9 விழுக்காடு கூடியது. சாவு இரண்டு மடங்கைத் தாண்டியது.

நாடு முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவந்த மதிப்பீடு ஆண்டுக்கு 18,000 முதல் 20,000 சாவு. 2022–23இல் வீடுவீடாகக் கணக்கெடுத்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 91 லட்சம் விலங்குக் கடி, 5,726 சாவு என்று மதிப்பிட்டது. எதை எடுத்தாலும் சரி, நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை என்பது மாறாது. வெறிநோய் இருக்கக்கூடிய விலங்கிடம் கடிபடுவோரில் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்.

மக்கள்தொகைப் பங்கை வைத்து மாநிலக் கணக்கைப் பிரித்தால் தருமபுரிக்கு என்ன வரும்? 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 15,06,843, மாநிலத்தில் 2.09 விழுக்காடு. 4.8 லட்சத்தில் அந்தப் பங்கு ஏறக்குறைய 10,000. ஒரு நாளைக்கு 27 பேர். மாவட்டத்தில் எண்ணிப் பதிந்த தொகை அல்ல, பங்கு போட்டுப் பார்த்தது. ஆனாலும் அளவு புரிய இது போதும்.

அந்த 27 பேரில் ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். எடை 15 கிலோ. கடித்த உடனே செய்ய வேண்டியது, குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். 15 நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளம். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள், பச்சிலை எதுவும் வேண்டாம். கழுவியதும் நேராக ஆரம்ப சுகாதார நிலையம். ஊசி அங்கே இலவசம். தோலுக்குள் போடும் முறையில் இரண்டு இடத்தில் 0.1 மில்லி வீதம், முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என நான்கு முறை. நான்கு முறையும் சேர்த்து மருந்து 0.8 மில்லிதான். பல் ஆழமாகப் பதிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். குதிரையிலிருந்து எடுப்பது கிலோவுக்கு 40 அலகு. 15 கிலோ குழந்தைக்கு 600 அலகு, அதாவது 2 மில்லி. நிறைய பேர் விட்டுவிடுவது 28ஆம் நாள் ஊசியைத்தான். புண் ஆறிவிட்டதே என்று நினைப்பார்கள். வெறிநோய்க் கிருமி நரம்பு வழியாக மெதுவாக ஏறுவது. நோய்க்குறி தோன்ற பெரும்பாலும் 2, 3 மாதம் ஆகும். புண் ஆறியதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஊசி இலவசம். ஆனால் நான்கு முறை கூட்டிப்போகிறவருக்கு நான்கு நாள் வேலை போகும். 4 × 336 = 1,344 ரூபாய். அந்தக் குடும்பம் ஒரு நாயை ஒரு மாதம் முழுக்க வளர்க்கும் செலவு இது. யாரோ 300 ரூபாய் ஊசியைப் போடாமல் விட்டதற்கு இன்னொரு வீட்டில் 1,344 ரூபாய் பற்று எழுதுகிறோம். மாநிலம் முழுக்கப் பெருக்கினால், கடிபட்ட 4.8 லட்சம் பேரும் நான்கு முறை போய், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகிறது என்று வைத்தால், 64 கோடியே 51 லட்சம் ரூபாய். 2019 கால்நடைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் எண்ணிய தெருநாய்கள் 4.41 லட்சம். வெறிநோய்ச் சங்கிலியை அறுக்க ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டுக்கு ஊசி போட வேண்டும் என்பது உலக அளவில் ஏற்ற கணக்கு. 3.09 லட்சம் நாய், ஊசிக்கு 300 ரூபாய் என்றாலும் 9 கோடியே 26 லட்சம்தான்.

ஊசி போட்ட நாய் கடிக்காது என்று நான் சொல்லவில்லை. கடிக்கும்; கடித்தால் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். வீட்டு நாயே கடித்தாலும் அப்படித்தான். நாயைக் கட்டிவைத்து 10 நாள் கவனிக்க வேண்டும். அது நலமாக இருந்தால் மேற்கொண்டு என்ன செய்வது என்பதை மருத்துவர் சொல்வார். அடித்துக் கொன்றுவிட்டால் கவனிக்க நாய் இருக்காது.

குட்டிகள்

நம் வீடுகளில் பெண் குட்டிக்கு மதிப்பில்லை. 63 நாளில் ஈன்று ஐந்தாறு குட்டி போடும், யார் பார்ப்பது என்று கேட்பார்கள். அதற்கு விடை கருத்தடை. பேரேட்டில் 5,000 ரூபாய் வரி. அதைத் தவிர்க்க நினைக்கிறவர்கள் கண் திறக்காத குட்டிகளைக் கோணியில் கட்டிச் சந்தைப் பக்கமோ ஏரிக்கரையிலோ விட்டுவிட்டு வருகிறார்கள். எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும் என்பது அவர்கள் சொல்லும் ஆறுதல். பிழைப்பதில்லை. மேற்கு வங்கத்தில் தெருநாய்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. 95 ஈற்றில் பிறந்த 364 குட்டிகளில் இனப்பெருக்க வயதைத் தொட்டவை 19 விழுக்காடு, எழுபதுகூடத் தேறவில்லை. மடிந்தவற்றில் 63 விழுக்காட்டுக்கு மனிதர்களே நேரடியாகவோ மறைமுகமாகவோ காரணம். தாயோடு இருந்த குட்டிகளின் கதியே இது என்றால், தாயிடமிருந்து பிரித்துக் கோணியில் கட்டியவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

2023 மார்ச் 10இல் அறிவிக்கப்பட்ட விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், வளர்ப்பு நாயின் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை மூன்றுக்கும் வளர்ப்பவரே பொறுப்பு என்கின்றன. கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். குட்டைச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிப் போடுவதும் அதே பிரிவில்தான் வருகிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. ஒரு நாயை ஒரு நாள் வளர்க்க 46 ரூபாய் ஆகிறது. 12 ஆண்டுப் பொறுப்பைத் தூக்கி எறிய அதிகபட்சம் 50 ரூபாய். அறுபது ஆண்டுக்கும் மேலாக மாறாத இந்தத் தொகையை நாடாளுமன்றம் திருத்தியே ஆக வேண்டும்.

கைவிடுதல் எப்போதும் கல் நெஞ்சால் நடப்பதில்லை. குடும்பத்தோடு திருப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அங்கே ஓர் அறை வீடு; வீட்டுக்காரர் நாய்க்கு ஒப்ப மாட்டார். நாய் பூட்டிய வீட்டு வாசலிலேயே கிடக்கும். அதனால்தான் காசுக்கு முன்பு நேரத்தையும் கணக்கில் எழுத வேண்டியிருக்கிறது. சோறு வைக்க, நடத்திக் கூட்டிப்போக, படுக்கும் இடத்தைக் கூட்ட என்று நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் 12 ஆண்டில் 4,380 மணி நேரம். இரவு பகல் சேர்த்து 182 நாள். கல்லூரியில் சேரும் 18 வயதில் குட்டி வாங்குகிறவருக்கு அது கிழடாகும்போது 30 வயது. படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் இதற்குள் வந்து போகும். 70 வயதுப் பெரியவர் வளர்ப்பதாக இருந்தால், தமக்குப் பிறகு யார் என்பதை வாங்குகிற அன்றே பிள்ளைகளிடம் கேட்டு வைக்க வேண்டும்.

பூனையும் கிளியும்

பூனைக்கு இதில் பாதிச் செலவுகூட ஆகாது. ஆனால் பூனை முழு மாமிசப் பிராணி. பாலும் தயிர்சாதமும் மட்டும் கொடுத்து வளர்த்தால் டாரின் சத்துக் குறைந்து கண்ணும் இதயமும் கெடும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்தால் செத்துவிடும். பூனைக் கடிக்கும் கீறலுக்கும் வெறிநோய் ஊசி உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதற்கு வரவு செலவே கிடையாது, வைக்கவே கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். பென்னாகரம், பாலக்கோடு வனப்பகுதியை ஒட்டி இருப்பவர்கள் நாயையும் காட்டுக்குள் விட வேண்டாம். 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் 686 சதுர கிலோமீட்டர். ஊசி போடாத ஒரு நாயிடமிருந்து டிஸ்டெம்பர் அங்குள்ள மிருகங்களுக்குப் போய்ச் சேரலாம்.

செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அதையொட்டி அரசு கால்நடை மருந்தகங்களில் இலவச முகாம் நடக்கும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்கே உங்கள் நாயின் அட்டையை எடுத்துக் கடைசிக் கட்டத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். தேதி தாண்டியிருந்தால், அட்டையே இல்லாவிட்டால், நாளைக் காலை நாயைக் கூட்டிக்கொண்டு மருந்தகத்துக்குப் போய்விடுங்கள். போகும்போது, பக்கத்து வீட்டு நாய்க்கு ஊசி போட்டாயிற்றா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.